வாய்ப்புண்: உடல் சூடா, உட்கொள்ளும் மருந்தா?

வாய்ப்புண் வந்தவுடன் நம் வீடுகளில் சொல்லப்படும் முதல் காரணம் ‘உடல் சூடு’ என்பதாகும். அடுத்து ‘வயிற்றில் புண் இருந்தால் வாயிலும் வரும்’ என்பார்கள். திண்டுக்கல் சமவெளியின் கோடை வெயிலில் நாள் முழுவதும் வயலிலோ, சந்தையிலோ, பட்டறையிலோ உழைப்பவருக்கு இந்த விளக்கம் இயல்பாகவே பொருத்தமாகத் தோன்றும். மணத்தக்காளிக் கீரை, மோர், இளநீர், எண்ணெய்க் குளியல் என்று வீட்டு வைத்தியம் தொடங்கிவிடும். பெரும்பாலான வாய்ப்புண்கள் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தாமாகவே ஆறிவிடுவதால், இந்த நம்பிக்கையும் உறுதிப்பட்டுவிடுகிறது.

ஆனால் சில வாய்ப்புண்களுக்குக் காரணம் வெயிலும் அன்று; வயிறும் அன்று. அண்மையில் தொடங்கிய ஒரு மாத்திரையோ, பல மாதங்களாக உட்கொண்டுவரும் ஒரு மருந்தோ, தவறான அளவில் உட்கொள்ளப்பட்ட மருந்தோ காரணமாக இருக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை எளிதில் சரிசெய்யக் கூடியவை. மிகச் சில மட்டும் உயிருக்கு ஆபத்தான நிலையின் முதல் அறிகுறியாக வாயில் தோன்றுபவை. ‘சூடு’ என்று எண்ணி ஒரு வாரம் காத்திருந்தால், சிகிச்சை அளிக்க வேண்டிய பொன்னான நேரம் கடந்துவிடும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய உங்களுக்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நினைவில் கொள்ள வேண்டிய அறிவுரை ஒன்றுதான்: வாய்ப்புண்ணைக் காட்ட வரும்போது, வீட்டில் உள்ள மருந்துப் பையையும் உடன் கொண்டு வாருங்கள்.

மருந்து ஏன் வாயில் புண்ணை உண்டாக்குகிறது?

வாயின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வு, தோலைவிட வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. பழைய செல்கள் உதிர்ந்து, ஓரிரு வாரங்களுக்குள் புதிய செல்கள் அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. மருந்துகள் இச்சவ்வை முக்கியமாக நான்கு வழிகளில் பாதிக்கின்றன.

1. நேரடியாகச் சுடுதல்: மாத்திரை சவ்வின்மீது நெடுநேரம் தங்கினால், அந்த இடம் வெந்து வெண்மையாகிப் புண்ணாகும்.
2. புதிய செல்கள் உருவாவதைத் தடுத்தல்: புற்றுநோய் மருந்துகள், மெத்தோட்ரெக்சேட் போன்றவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. எனவே வாயின் சவ்வும், இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பாதிக்கப்படுகின்றன.
3. ஒவ்வாமை: உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் மருந்தைப் பகையாகக் கருதி, அதன் விளைவாகத் தன் சொந்தத் தோலையும் சவ்வையுமே தாக்குகிறது.
4. வாயின் இயல்புச் சூழலை மாற்றுதல்: உமிழ்நீர் குறைதல், வாயில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து பூஞ்சை பெருகுதல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது, மூன்றாவது வழிகளில் வரும் புண்களே மிகுந்த கவனத்திற்கு உரியவை. எனவே அவற்றை முதலில் காண்போம்.

வாரம் ஒருமுறை மாத்திரையை நாள்தோறும் உட்கொண்டால்

முடக்குவாதம் எனப்படும் மூட்டு அழற்சிக்கும், சோரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படைக்கும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து உலகெங்கும் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. முறையாக உட்கொண்டால் நல்ல பயன் தரும் மருந்து இது. ஆனால் இந்நோய்களுக்கு இம்மருந்தை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாம் அறிந்த மாத்திரைகளுள் பெரும்பாலானவை ‘காலை, இரவு’ என்று நாள்தோறும் உண்பவை. ஆகவே பழக்கத்தின் காரணமாக இதையும் நாள்தோறும் உட்கொண்டுவிடும் தவறு உலகின் பல நாடுகளிலும் மீண்டும் மீண்டும் நேர்ந்துள்ளது, உயிரிழப்புகளும் ஏற்பட்டுள்ளன.

இப்படி ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். மூட்டுவலிக்குச் சிகிச்சை பெறும் ஒரு பாட்டிக்கு மெத்தோட்ரெக்சேட்டும், அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையும் தரப்படுகின்றன. இரண்டும் சிறிய மாத்திரைகள். நிறத்திலும் ஒத்திருக்கக் கூடும். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. மருந்தை எடுத்துக் கொடுக்கும் மகள் ஊரில் இல்லாத வாரத்தில், பேரன் இரண்டையும் நாள்தோறும் கொடுத்துவிடுகிறான். ஒரு வாரத்திற்குள் பாட்டியின் வாய் முழுவதும் புண். உமிழ்நீரைக்கூட விழுங்க முடியவில்லை. வீட்டார் ‘சூடு’ என்று எண்ணி இளநீர் கொடுக்கிறார்கள். மாத்திரையும் தொடர்கிறது. அதே நாட்களில் இரத்தத்தில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் குறைந்துகொண்டே வருகின்றன. இதை வெளியிலிருந்து எவரும் பார்க்க முடியாது. வாய்ப்புண் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கை.

உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வந்தால், இரத்தப் பரிசோதனை செய்து, இம்மருந்தின் நச்சுத்தன்மையை முறிக்கும் மாற்று மருந்தைக் கொடுத்துக் காப்பாற்ற முடியும். எனவே மெத்தோட்ரெக்சேட் உட்கொள்பவர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

• எந்தக் கிழமையில் உட்கொள்ள வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு, அட்டையின் மீதும் வீட்டு நாள்காட்டியிலும் எழுதி வையுங்கள்.
• ஃபோலிக் அமில மாத்திரையையும் இதையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.
• ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாக உட்கொள்ளாதீர்கள்.
• காய்ச்சல், சளி, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வேறு மருத்துவரிடம் சென்றால், இம்மருந்து உட்கொள்வதைத் தவறாமல் தெரிவியுங்கள். கோட்ரைமாக்சசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி இதனுடன் சேர்ந்தால் ஆபத்து பெருகும். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தின் வழியே இம்மருந்து வெளியேறுவதைக் குறைக்கக் கூடும்.
• வாய்ப்புண் தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளாமல், அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

தைராய்டு மாத்திரையும் தொண்டை வலியும்

தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பவர்களுக்குக் கார்பிமசோல் என்னும் மாத்திரை தரப்படுகிறது. மிகச் சிலருக்கு, பெரும்பாலும் சிகிச்சையின் முதல் மூன்று மாதங்களுக்குள், இம்மருந்தால் வெள்ளை அணுக்கள் திடீரெனக் குறைந்துவிடுவது உண்டு. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் ஆகியவை அதன் அறிகுறிகள். இவை சாதாரணச் சளிக் காய்ச்சலைப் போலவே தோன்றும் என்பதால் ஏமாந்துவிடக் கூடாது. கார்பிமசோல் உட்கொள்பவருக்கு இவ்வறிகுறிகள் வந்தால், அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி, அன்றே இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதிக்க வேண்டும். (தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள் காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்ளும் தைராக்சின் மாத்திரை வேறு, அதற்கு இந்த ஆபத்து இல்லை.)

வாயில் தொடங்கித் தோலுக்குப் பரவும் ஒவ்வாமை

1922-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஃபிராங்க் ஜான்சன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், காய்ச்சலும் கடும் வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் உடல் முழுவதும் தடிப்புகளும் கொண்ட இரு சிறுவர்களைப் பற்றி எழுதினர். அவர்களின் பெயராலேயே அந்நோய் இன்றும் ‘ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்கூட்டு’ என்று அழைக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு இந்நோய் வருவதற்கு மருந்துகளே முதன்மைக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இது அரிதான நோய். ஆனால் வந்தவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் உயிரிழக்கக் கூடும். தோல் பெரும்பரப்பில் உரியும் கடுமையான நிலையில் உயிரிழப்பு இதைவிடப் பன்மடங்கு அதிகம். பிழைத்தவர்களுக்கும் கண்பார்வை பாதிக்கப்படலாம்.

இந்நோய் பெரும்பாலும் புதிய மருந்து தொடங்கிய முதல் எட்டு வாரங்களுக்குள் வருகிறது. முதல் ஓரிரு நாட்கள் காய்ச்சல், உடல்வலி, தொண்டை வலி, கண் எரிச்சல் ஆகியவை இருக்கும். பின்னர் உதடுகளும் வாயின் உட்புறமும் வெந்ததுபோல் புண்ணாகி, உதட்டில் இரத்தம் கலந்த கருமையான பொருக்கு உண்டாகும். அதனுடனோ சற்று முன்பின்னாகவோ மார்பிலும் முகத்திலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றிக் கொப்புளங்களாகும். பிறப்புறுப்பிலும் புண் வரலாம்.

இதற்குக் காரணமாக அதிகம் அறியப்பட்ட மருந்துகள்:

• வலிப்பு நோய்க்குரிய கார்பமாசெபைன், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், லாமோட்ரிஜின். இவற்றுள் கார்பமாசெபைன் முகநரம்பு வலிக்கும், லாமோட்ரிஜின் மனநலச் சிகிச்சையிலும் தரப்படுகின்றன.
• யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால்.
• கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகள்.
• எச்.ஐ.வி. சிகிச்சையில் பயன்படும் நெவிரபைன்.
• சில வகை வலி நிவாரணிகள்.

யாருக்கு இது வரும் என்பதில் மரபணுவிற்கும் பங்குண்டு. எச்.எல்.ஏ.-பி 1502 என்னும் மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமாசெபைனால் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பது 2004-ஆம் ஆண்டில் தைவான் ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. பின்னர் இந்திய நோயாளிகளிடமும் இத்தொடர்பு காணப்பட்டது. எனவே உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் ஒரு மருந்தால் தோல் உரிந்த அனுபவம் இருந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். அந்த மருந்தின் பெயரை எழுதிப் பாதுகாத்து வையுங்கள். அதே மருந்தை மீண்டும் ஒருமுறை உட்கொள்வது மிக ஆபத்தானது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு ஒவ்வாமை, காய்ச்சல், தோல் தடிப்பு, முக வீக்கம், நெறிகட்டுதல், ஈரல் பாதிப்பு ஆகியவற்றோடு வருவது. காய்ச்சலுக்கும் மாதவிடாய் வலிக்கும் பரவலாக வாங்கப்படும் மெஃபெனாமிக் அமிலம் இவ்வகை ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் எச்சரிக்கை வெளியிட்டது. அம்மருந்து இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதை உட்கொண்ட எல்லோருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. ஆனால் மருந்துக் கடையில் ‘வலிக்கு ஒரு மாத்திரை’ என்று கேட்டு வாங்குவதும் மருந்து உட்கொள்வதுதான் என்பதை இவ்வெச்சரிக்கை நினைவூட்டுகிறது.

உதடும் நாக்கும் திடீரென வீங்கினால்

இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் தரப்படும் எனாலாபிரில், ராமிப்ரில் போன்ற மருந்துகள் சிலருக்கு உதடு, நாக்கு, தொண்டை ஆகியவற்றில் திடீர் வீக்கத்தை உண்டாக்கலாம். அரிப்போ தடிப்போ இல்லாமல் வீக்கம் மட்டுமே வருவது இதன் தன்மை. பல மாதங்கள், ஏன், ஆண்டுகள் உட்கொண்ட பிறகும் இது நேரலாம் என்பதால் ‘இவ்வளவு நாள் ஒத்துக்கொண்ட மாத்திரைதானே’ என்று எண்ணிவிடக் கூடாது. மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் இருந்தாலும், குரல் மாறினாலும் 108 ஆம்புலன்சை உடனே அழையுங்கள்.

அச்சம் தேவையில்லாத, ஆனால் கவனிக்க வேண்டிய மாற்றங்கள்

மேற்கூறியவை அரிதானவை. அன்றாடம் காணப்படுபவை பின்வருவனவே. இவற்றுள் பெரும்பாலானவற்றை மருத்துவரின் ஆலோசனையோடு எளிதில் சரிசெய்யலாம்.

மாத்திரை சுட்ட புண்: பல்வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரத்தில் அடக்கி வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் பல்வலி தீர்வதில்லை. ஈறும் கன்னமும் வெந்துவிடும். இரும்புச் சத்து மாத்திரை, எலும்புத் தேய்மானத்திற்கான அலென்ட்ரோனேட் ஆகியவற்றை வாயில் வைத்துக் கரைத்தாலும் புண் வரும். விழுங்குவதற்குச் சிரமப்படும் முதியோருக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் முன், பொடிக்கலாமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் புண்: ஒரு குறிப்பிட்ட மருந்தை உட்கொள்ளும் ஒவ்வொரு முறையும் உதட்டில் அதே இடத்தில் கொப்புளமோ புண்ணோ வந்து, ஆறிய பின் கருந்தழும்பு நிலைத்திருக்கும். சல்ஃபா மருந்துகள், வயிற்றுப்போக்கிற்கு வாங்கும் சில மாத்திரைகள், வலி மாத்திரைகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். ‘சென்ற முறை எந்த மாத்திரை உட்கொண்டபோது வந்தது?’ என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இதய வலி மாத்திரையால் வரும் புண்: நெஞ்சுவலிக்குத் தரப்படும் நிகோராண்டில் சிலருக்கு நாக்கிலும் ஈறிலும் பெரிய, வலிமிக்க, ஆறாத புண்களை உண்டாக்கும். மருத்துவர் மருந்தை மாற்றிய பின் சில வாரங்களில் அவை ஆறும். இம்மருந்தை நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

வெண்படலம்: ஆஸ்துமாவிற்கு ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் பயன்படுத்துவோர், நுண்ணுயிர்க்கொல்லியை நெடுநாள் உட்கொள்வோர், நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதோர் ஆகியோருக்கு நாக்கிலும் கன்னத்திலும் தயிர் படிந்ததுபோல் வெண்மையான படலம் தோன்றலாம். இது பூஞ்சைத் தொற்று. இன்ஹேலரைப் பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. வந்தபின் பூஞ்சைக்கான மருந்து எளிதில் குணப்படுத்தும். இன்ஹேலரை நிறுத்த வேண்டியதில்லை.

ஈறு தடித்தல்: வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின், நிஃபெடிபின் ஆகியவை சிலருக்கு ஈறுகளைத் தடிக்கச் செய்யும். பல் துலக்குவதில் கவனக்குறைவு இருந்தால் இது மிகும். பல் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்வதும், தேவையெனில் மருத்துவர் மருந்தை மாற்றுவதும் போதுமானவை.

வாய் வறட்சி: ஒவ்வாமைக்கான மாத்திரைகள், மன அழுத்தத்திற்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்திற்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை உமிழ்நீரைக் குறைக்கும். வறண்ட வாயில் பற்சொத்தையும் புண்ணும் எளிதில் வரும். அடிக்கடி சிறிது சிறிதாகத் தண்ணீர் அருந்துங்கள்.

சுவை மாற்றமும் நாக்கு எரிச்சலும்: மெட்ரோனிடசோல் உட்கொள்ளும் நாட்களில் வாய் கசந்து உலோகச் சுவை தோன்றும், மருந்து முடிந்ததும் மறையும். நீரிழிவிற்கு மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் உட்கொள்வோருக்கு பி12 உயிர்ச்சத்து குறையக்கூடும். நாக்கு வழவழப்பாகிச் சிவந்து எரியும், கால்களும் மரத்துப்போகலாம். இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து ஈடுசெய்யலாம்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு

கீமோதெரபி பெறுவோருக்கு, மருந்து ஏற்றிய ஏறத்தாழ ஒரு வாரத்தில் வாய்ப்புண் வருவது எதிர்பார்க்கத்தக்கதே. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோருக்கு இது இன்னும் கடுமையாக இருக்கலாம். சிகிச்சை தொடங்கும் முன்பே பற்களைப் பரிசோதித்துச் சரிசெய்துகொள்வது நல்லது. உணவு உண்ண முடியாத நிலை வந்தால் மருத்துவரிடம் கூறத் தயங்காதீர்கள். வலியைக் குறைக்க வழிகள் உள்ளன. வாய்ப்புண்ணோடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், இரவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாட்டு மருந்துகளும் கணக்கில் சேரும்

சித்த, ஆயுர்வேத மருந்துகளை மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம்மிடம் குறைவு. பதிவு பெற்ற சித்த மருத்துவர் அளிக்கும் மருந்தாயினும், அதை உட்கொள்வதை உங்கள் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சந்தையிலும் வீதியிலும் பெயரோ சீட்டோ இன்றி விற்கப்படும் பொடிகளையும் உருண்டைகளையும் தவிர்த்துவிடுங்கள். பாதரசம் உடலில் மிகும்போது வாய் வெந்து, ஈறு வீங்கி, உமிழ்நீர் பெருக்கெடுக்கும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. மூட்டுவலிக்கென விற்கப்படும் பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கவும் கூடும்.

புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

திண்டுக்கல், புகையிலைக்கும் சுருட்டுக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் முதியோரிடம், குறிப்பாகப் பெண்களிடமும், இன்றும் காணப்படுகிறது. இப்பழக்கம் உள்ளவர்கள் வாயில் வரும் புண்ணை மருந்தின் மீதோ சூட்டின் மீதோ பழி போட்டுத் தள்ளிப்போடக் கூடாது. வலியே இல்லாத புண்ணாக இருந்தாலும், இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறப்பதில் இறுக்கம், கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் பரிசோதனை அவசியம். வாய்ப்புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம். பழக்கத்தை விட விரும்புவோர் 1800-112-356 என்னும் தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

மருந்தை நிறுத்தலாமா?

புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. இரண்டு பக்கமும் தவறு நேரலாம். ஆபத்தான அறிகுறி இருந்தும் மருந்தைத் தொடர்வது ஒரு தவறு. சிறு வாய்ப்புண்ணுக்காக வலிப்பு மாத்திரையையோ, காசநோய் மருந்தையோ, இதய மாத்திரையையோ தாமாக நிறுத்திவிடுவது மற்றொரு தவறு. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். காசநோய் மருந்தை இடையில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறலாம்.

எனவே பின்வரும் வழிமுறையைப் பின்பற்றுங்கள்.

அடுத்த வேளை மருந்தை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்:

• வாய்ப்புண்ணுடன் காய்ச்சல்
• வாய்ப்புண்ணுடன் தோலில் சிவந்த புள்ளிகள், கொப்புளம், தோல் உரிதல் அல்லது தோலில் வலி
• கண் சிவந்து எரிதல்
• பிறப்புறுப்பிலும் புண்
• உதடு, நாக்கு, முகம் வீங்குதல், மூச்சுத் திணறல்
• ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல், உடலில் காரணமின்றிக் கன்றிய தழும்புகள்
• உமிழ்நீரையோ தண்ணீரையோ விழுங்க முடியாமை

வலிப்பு மருந்து உட்கொள்பவருக்கு இவ்வறிகுறிகள் வந்தால், ‘நாளை பார்க்கலாம்’ என்று இராமல் அன்றே வர வேண்டும். அப்போதுதான் வலிப்பு வராமல் காக்கும் வேறு மருந்தை உடனே தொடங்க முடியும்.

இவ்வறிகுறிகள் ஏதுமின்றிப் புண் மட்டும் இருந்தால், மருந்தைத் தொடர்ந்தபடியே ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைக் காணுங்கள். மெத்தோட்ரெக்சேட், கார்பிமசோல் ஆகிய இரண்டுக்கும் இது பொருந்தாது; மேலே கூறியபடி அவற்றை நிறுத்தி அன்றே வர வேண்டும். கீமோதெரபி மாத்திரைகளை வீட்டில் உட்கொள்பவர்களும் அன்றே தம் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது

நாங்கள் கேட்கும் கேள்விகள் எளியவை. இவற்றுக்கு விடையோடு வந்தால், காரணத்தை விரைவாகக் கண்டறியலாம்.

• கடந்த இரண்டு மாதங்களில் புதிதாகத் தொடங்கிய மருந்து எது? எந்த நாளில் தொடங்கினீர்கள்?
• அளவோ வேளையோ அண்மையில் மாற்றப்பட்டதா?
• மருந்துக் கடையில் தாமாக வாங்கிய மாத்திரை உண்டா?
• ஊசி, இன்ஹேலர், நாட்டு மருந்து ஏதேனும் உண்டா?
• இதற்கு முன் எந்த மருந்துக்கேனும் ஒவ்வாமை இருந்ததா?

‘வெள்ளை மாத்திரை, சிவப்பு மாத்திரை’ என்று சொன்னால் எங்களால் கண்டுபிடிக்க இயலாது. காலியான அட்டைகளாயினும் அவற்றையே கொண்டு வாருங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டிக் கொடுக்கும்போது பெயர் உள்ள பகுதி உங்களிடம் வருமாறு கேட்டுப் பெறுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டிற்கே மருந்து பெறுவோர், தங்களைப் பார்க்க வரும் பணியாளரிடமே வாயில் தோன்றிய மாற்றத்தைக் கூறலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

ஆபத்தான அறிகுறி இல்லாத புண்ணுக்கு இவை இதமளிக்கும்.

• ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளொன்றுக்கு நான்கைந்து முறை கொப்பளித்துத் துப்பலாம்.
• மென்மையான தூரிகையால் பல் துலக்குங்கள். புண் இருக்கிறதென்று பல் துலக்காமல் விட்டுவிடாதீர்கள்.
• காரம், புளிப்பு, மிகு சூடு ஆகியவற்றைத் தவிர்த்து, ஆறிய கஞ்சி, மோர் கலந்த கூழ், குழைந்த சோறு, வாழைப்பழம் போன்றவற்றை உண்ணுங்கள். பிரியாணியைச் சில நாட்களுக்குத் தள்ளி வையுங்கள்.
• மணத்தக்காளிக் கீரையை உணவாக உண்பதில் தவறில்லை. ஆனால் அது மருந்தால் வந்த புண்ணின் காரணத்தை நீக்காது.
• புண்ணின்மீது சுண்ணாம்பு, மஞ்சள்தூள், பொடித்த மாத்திரை, முகத்திற்குப் பூசும் களிம்பு எதையும் தடவ வேண்டாம்.
• பி-காம்ப்ளக்ஸ் மாத்திரையை வாரக்கணக்கில் தாமாக வாங்கி உண்டு நாட்களைக் கடத்த வேண்டாம். சத்துக் குறைவால் வந்த புண்ணுக்கே அது பயன்படும்.

பக்கவிளைவை நீங்களே பதிவு செய்யலாம்

மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இதன் தேசிய ஒருங்கிணைப்பு மையமாகும். மெஃபெனாமிக் அமிலம் பற்றிய எச்சரிக்கை இவ்வாறு திரட்டப்பட்ட தகவல்களின் அடிப்படையில் வெளியானதே. மருத்துவர்கள் மட்டுமன்றி, பொதுமக்களும் தங்களுக்கு நேர்ந்த பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். இதற்கான கட்டணமில்லா எண் 1800-180-3024. வேலை நாட்களில் அழைக்கலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உள்ளது. மருந்துதான் காரணம் என்று உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை. ஐயம் இருந்தாலே போதும். நீங்கள் தெரிவிக்கும் ஒரு தகவல், முகம் அறியாத மற்றொருவரைக் காக்கக்கூடும்.

எங்கே அணுகலாம்?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை முதலில் அணுகுங்கள். ஆபத்தான அறிகுறிகள் இருந்தால் நேராக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104.

வாயில் வரும் புண் சிறியதாகவே இருக்கலாம். அது ஏன் வந்தது என்னும் கேள்வியைச் சிறியதாக எண்ணிவிடாதீர்கள். ‘சூடு’ என்று முடிவு செய்யும் முன் ஒரு நிமிடம் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள்.

இக்கட்டுரை பொது விழிப்புணர்வுக்கானது. தனிப்பட்ட மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது.